பேச்சுத் துணை

அந்தக் கட்டடத்தில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. விளம்பரம் வராது. தரகர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். காலியாகக் கிடப்பது தெருவிலிருந்தே தெரிகிற வீடுகள்கூட, என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்று வந்தவர்களுக்குத் திறந்ததில்லை. அங்கே இருப்பவர்கள் கூடிப் பேசி, ஆளை வரவழைத்து, ஏற இறங்கப் பார்த்து, மனதுக்குப் பிடித்தால்தான் சாவி.

அப்படிப்பட்ட இடத்திலிருந்து அவளுக்கு வலிய அழைப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து, தங்க இடம் தேடி அலைந்துகொண்டிருந்தாள். காது பரிசோதிப்பது அவள் வேலை. நோயாளியை ஒலி புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, வெளியிலிருந்து மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர்கள் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும்.

கீழ்த்தளத்துக் கூடத்தில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். நல்ல துணி, நல்ல நாற்காலி, நல்ல புன்னகை. சம்பளம் கேட்கவில்லை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கவில்லை. கட்டடத்தின் செயலாளர், ஒல்லியான மனிதர், கொஞ்சம் உரத்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்குக் காது நல்லா கேக்குமாம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாம்புக் காது சார்."

செயலாளர் எழுந்து கூடத்தின் மறுகோடிக்குப் போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஏதோ முணுமுணுத்தார். திரும்பி அவளைப் பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னீங்க" என்றாள்.

எல்லோரும் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கையைத் தூக்கினார்கள். மூலையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கட்டடத்தில் அவருக்கு ஜட்ஜம்மா என்றே பெயர்.

"அடிச்சதுடி யோகம் உனக்கு!" என்று அக்கா போனில் குதித்தாள். பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கு அக்காதான் எல்லாம். அக்காவுக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை. "நான் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்து பார்க்கணும் குட்டி. லிஃப்டுக்குக் கம்பிக் கதவாமே?"

கம்பிக் கதவுதான். கறுப்பும் வெள்ளையுமாகத் தரை, ஆள் உயர ஜன்னல்கள், இரண்டு ஆள் கை கோத்தாலும் பிடிபடாத தூண்கள். நடைபாதையில் மெழுகின் வாடையும், அதற்கு அடியில் பஞ்சும் காதுத் தைலமும் கலந்த ஒரு வாடையும் இருந்தன. அவளுக்குப் பழகிய வாடை. ஆனால் அது ஆஸ்பத்திரியில்தானே இருக்க வேண்டும்?

எந்தக் கதவிலும் அழைப்பு மணி இல்லை. பட்டனை அழுத்தினால் உள்ளே விளக்கு மினுங்கியது.

குடி வந்த சில நாட்களிலேயே விஷயம் பிடிபட்டது. லிஃப்டில் அவள் சாவிக்கொத்தை நழுவவிட்டாள். இரும்புத் தரையில் அது விழுந்த சத்தத்துக்கு அவளே திடுக்கிட்டாள். கூட நின்ற பெரியவர் இமை கொட்டவில்லை. மறுநாள் மாடிப்படியில் ஒரு நடுவயதுப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் கையைத் தட்டிப் பார்த்தாள். அவரும் திரும்பவில்லை. அடுத்தடுத்துச் சோதித்துப் பார்த்த யாரும் திரும்பவில்லை. மொத்தக் கட்டடத்திலும் காது கேட்கும் ஒரே ஆள் அவள்தான்.

தொழில் புத்தி யாரை விட்டது? "எல்லாருக்கும் நானே டெஸ்ட் பண்ணி, காது மெஷின் ஏற்பாடு பண்றேன் சார்" என்று செயலாளரிடம் ஆசையாகச் சொன்னாள்.

அவர் அவள் உதடுகளைப் படித்துவிட்டுப் புன்னகைத்தார். "எங்களுக்கு இதுவே சொர்க்கம்மா."

முதன்முதலில் அது ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் கேட்டது.

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல வெயில். அடுப்படிப் பக்கமிருந்து ஒரு பெண்குரல். கைவேலை பார்த்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் ஊர்க்கதை பேசுகிற மாதிரி, அவசரமில்லாத, இதமான குரல். சொற்கள் பிடிபடவில்லை. நடுநடுவே நின்றது, எதிராளி பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு. பிறகு ஒரு சின்ன 'ம்'. மறுபடி பேச்சு.

அடுத்த வீட்டு ஜட்ஜம்மா தனக்குத்தானே பேசிக்கொள்கிறார் போலும் என்று அடுப்படிக்குப் போய்ச் சுவரில் காதை வைத்தாள். சுவர் கல்லாக இருந்தது. குரல் இப்போது அவளுக்குப் பின்னால், துணி மடித்த அறையிலிருந்து வந்தது.

அந்த அறைக்குத் திரும்பினாள். குரல் அடுப்படியில் இருந்தது.

எந்த அறையில் நின்றாலும், அது அடுத்த அறையில் இருந்தது.

பழைய கட்டடம், குழாய்கள், காற்று என்று அவள் தன்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அக்கா நிறுத்தினாள்.

"யாருடி அது பக்கத்துல?"

"யாருமில்லையே. நான் மட்டும்தான்."

"சும்மா கதை விடாத. என்ன கணீர்னு பேசறாங்க!" அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "பாரேன், பாப்பாவுக்கு என்ன வயசுன்னு கேக்கறாங்க. மூணு முடியப் போகுதுங்க!"

அவள் கையிலிருந்த துணி நழுவியது. "அக்கா, நீ ஏன் பதில் சொன்னே?"

"இதென்னடி கூத்தா இருக்கு? கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

வீட்டில் குரல் நின்றுவிட்டிருந்தது. அடுத்த அறையிலிருந்து ஒரு சின்ன 'ம்' மட்டும் வந்தது.

அவள் தன் காதையே சந்தேகப்பட்டாள். இல்லாத சத்தம் கேட்பதாகச் சொல்லும் நோயாளிகள் எத்தனையோ பேரைப் பார்த்தவள். ஆனால் அக்காவுக்கும் கேட்டதே? போன் கோளாறு, யாரோ குறுக்கே பேசியிருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில், சீனியர் என்று எல்லோரும் கூப்பிடும் தன் மேலதிகாரியிடம் போனாள்.

"சார், எனக்கே ஒரு டெஸ்ட் எடுங்க."

"வைத்தியருக்கே வைத்தியமா? வா வா."

கூண்டின் கனத்த கதவு மூடியதும் உலகம் அறுந்துபோனது. தன் மூச்சும் தன் ரத்தமும்தான் பாக்கி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீனியர் கருவியின் மேல் குனிந்திருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேக்குதா?" என்றார் சீனியர், ஹெட்ஃபோனில்.

அவள் பட்டனை அழுத்தினாள்.

"இப்ப?"

அழுத்தினாள்.

"இப்ப கேக்குதா?" குரல் இறங்கிக்கொண்டே போனது. முணுமுணுப்பாயிற்று. பிறகு மூச்சுக் காற்று மாதிரி. "இப்பவும் கேக்குதா?"

அவள் ஒன்றுவிடாமல் அழுத்தினாள். கடைசியில் சத்தமே இல்லாமல் உதடுகள் மட்டும் காதுமடலில் உரசுவது போல இருந்தது. அதற்கும் அழுத்தினாள்.

கதவைத் திறந்துகொண்டு சீனியர் வந்தார். நெற்றி சுருங்கியிருந்தது. "என்னம்மா, தூக்கக் கலக்கமா? நான் சத்தம் அனுப்பினப்போ எல்லாம் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கே. அனுப்பாதப்போ எல்லாம் அழுத்தறே."

"நீங்கதானே சார், கேக்குதா கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

சீனியர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"நான் வாயே திறக்கலையேம்மா. மைக் ஆஃப்ல கிடக்கு பாரு."

அன்று அவள் பாதி நாளில் கிளம்பிவிட்டாள். கைப்பையில் காதுக்குள் பார்க்கும் சின்ன விளக்குக் கருவி இருந்தது. எதற்கு எடுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நேரே ஜட்ஜம்மாவின் கதவுக்குப் போய்ப் பட்டனை அழுத்தினாள்.

ஜட்ஜம்மா கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே கூட்டிப்போய் ஜன்னல் ஓரம் நிறுத்தினார். "வெளிச்சத்துல நின்னு பேசு. கேக்க ஆரம்பிச்சிடுச்சா?"

"மேடம், யார் அது?"

"முதல்ல பார்த்துக்கோ. நான் வெறுமனே சொன்னா நம்ப மாட்டே." அவள் கைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த கருவியைச் சுட்டிக்காட்டினார். தலையைச் சாய்த்து, நரைமுடியைக் காதிலிருந்து ஒதுக்கினார்.

அவள் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். செவிப்பறை இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. சீழ் பிடித்து அரித்த காதுகளை அவளுக்குத் தெரியும், விபத்தில் கிழிந்ததையும் தெரியும். இது அப்படியில்லை. ஆறிப் பழகிய, நேர்க்கோடாக உள்ளே போன தழும்பு. சின்ன எலும்புகள் இருந்த சுவடே இல்லை. அதையும் தாண்டிப் போயிருந்தது.

அடுத்த காதும் அச்சு அசலாக அப்படியே.

"இது வியாதி இல்லை மேடம்."

"இல்லை. பின்னல் ஊசி. நானே குத்திக்கிட்டது."

அவள் விளக்கை அணைத்தாள்.

"யாருன்னு தெரியாது" என்றார் ஜட்ஜம்மா. "இங்க யாரும் அதைப் பார்த்ததில்லை. எந்தக் காலத்திலயாவது இங்க யாராவது செத்தாங்களா, கொன்னாங்களான்னு தோண்டித் துருவிப் பார்த்தேன். ஒண்ணும் அகப்படலை. அதுக்கு வேண்டியது ஒரு பேச்சுத் துணை, அவ்வளவுதான்னு இவங்க சொல்லுவாங்க. சும்மா கேட்டுக்கிட்டு இருந்தா ஒண்ணும் பண்ணாதுதான். பதில் சொல்லிட்டா, வேலை சொல்ல ஆரம்பிக்கும். நமக்குப் பிடிச்சவங்க குரல்ல சொல்லும். விளக்கை அணை. கதவைச் சாத்து. சின்னச் சின்ன வேலைதானேன்னு செஞ்சிடுவோம்." அவர் பக்கத்திலிருந்த ஜன்னலைக் காட்டினார். "என்கிட்ட இந்த ஜன்னலைத் திறந்து வைன்னு சொல்லுச்சு. என் அம்மா குரல். வைக்கிறேம்மான்னு திறந்து வச்சிட்டு அடுப்படிக்குப் போனேன். என் பையன் அப்பத்தான் எதையாவது பிடிச்சு ஏறக் கத்துக்கிட்டிருந்தான்."

ஜன்னல் இப்போது ஆணியடித்து மூடியிருந்தது.

"நீ பதில் ஏதும் சொல்லலையே?"

"பட்டனை அழுத்தினேன்" என்றாள் அவள் மெல்ல.

ஜட்ஜம்மா கண்களை மூடித் திறந்தார்.

"இங்க இருக்கறவங்க எல்லாரும் இப்படித்தானா?"

"எல்லாரும். உனக்கு முன்னால உன் வீட்டுல இருந்தது நம்ம செயலாளர். பாட்டு வாத்தியார் அவர். தன் காதுக்கே கேக்காதுன்னு தெரிஞ்சும் இப்பவும் வாய் எதையாவது முணுமுணுத்துக்கிட்டே இருக்கும்."

"அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?" என்றாள் அவள். "தெரிஞ்சேவா?"

"கேக்கற காது ஒண்ணு இங்க இல்லைன்னா, காது இல்லாதவங்ககிட்டயே அது பேச ஆரம்பிக்கும். போன கோடையில எனக்கு மறுபடி கேட்டுது. கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத காதுல." அவர் நரைமுடியை மறுபடி காதின் மேல் இழுத்துவிட்டார். "நான் கையைத் தூக்கலை. ஆனா வேண்டாம்னு எழுந்து சொல்லவும் இல்லை. தீர்ப்பு எழுதினவளுக்குத் தெரியும், ரெண்டும் ஒண்ணுதான்னு."

அப்போதுதான் போன் அடித்தது. அக்கா.

"குட்டி, கீழ கேட்ல நிக்கறோம்டி. சீக்கிரம் வா, பாப்பாவுக்குக் கால் வலிக்குதாம்."

"யார் உன்னை வரச் சொன்னது?"

"என்னடி ஆச்சு உனக்கு? நீதானே காலையில போன் பண்ணே? பாப்பாவை ரெண்டு நாள் உன்கூட விடச் சொன்னியே!"

காலையில் அவள் யாருக்கும் போன் செய்யவில்லை.

"சரி சரி, நீ மெதுவா வா. உன் வீட்டுக்கார அம்மா எங்ககிட்ட பேசிக்கிட்டுதான் இருக்காங்க" என்று அக்கா வைத்துவிட்டாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். அவள் ஓட ஓட, அவளுக்கு ஒரு தளம் கீழே, அந்த இதமான குரல் யாரிடமோ பேசிக்கொண்டே இறங்கியது.

வெளி கேட்டின் தூணில் பித்தளைத் தகடு பதித்த பழைய பேசும் பெட்டி ஒன்று இருந்தது. வந்தவர்கள் உள்ளே இருப்பவர்களிடம் பேசுவதற்காக ஒரு காலத்தில் வைத்தது. அக்கா குழந்தையை இடுப்பில் தூக்கி, அதன் காதைத் தகட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இருவர் முகத்திலும் சிரிப்பு.

பெட்டியின் அடியில் தொங்கிய ஒயர் எப்போதோ அறுக்கப்பட்டு, முனையில் பச்சை பூத்துக் கிடந்தது.

குழந்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தது.

"எந்த ஜன்னல்?" என்றது.

அவள் பாய்ந்து குழந்தையைப் பிடுங்கினாள். அது வீரிட்டது. அக்கா தடுமாறித் தூணில் இடித்துக்கொண்டாள்.

"பைத்தியமாடி பிடிச்சிருக்கு உனக்கு?"

"போ. பாப்பாவைத் தூக்கிட்டு இப்பவே போ!"

"குட்டி..."

"இனிமே இந்தப் பக்கம் வராத. நான் போன் பண்ணினாலும் எடுக்காத. என் குரல் கேட்டாலே வச்சிடு. புரியுதா? எனக்கு நீ வேண்டாம்!"

அக்காவின் முகம் செத்துப்போனது. குழந்தையை வாங்கி, புடவைத் தலைப்பால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டு, தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஓடிப்போய்க் காலில் விழலாம் போல இருந்தது. விழுந்தால் எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் அக்கா அவளை விட்டுப் போக மாட்டாள். அக்காவை அவளுக்குத் தெரியும்.

வெளிச்சம் இருக்கும்போதே மூட்டை கட்டினாள். பெட்டியோடு வெளியே வந்தபோது, எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. நிலைப்படிகளில் அவர்கள் நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. செயலாளர் மட்டும் ஓரடி முன்னே வந்தார். கை தன்னையறியாமல் காதைப் பொத்தியிருந்தது.

"நீ போனா அது எங்க போகும்னு யோசிச்சியாம்மா?"

"என்கூட வரட்டும் சார். நான் பதில் சொல்ல மாட்டேன்."

அடுத்த வாசலிலிருந்து ஜட்ஜம்மா சொன்னார், திட்டுகிற மாதிரியும் இல்லாமல், ஆறுதல் மாதிரியும் இல்லாமல்: "நாங்களும் அப்படித்தான் சொன்னோம்."

பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு அறை பிடித்தாள். ஹாரன் சத்தத்தில் காது கிழியும். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அது கூடவே வந்தது. முதல் வாரங்கள் நரகம். சீனியர் குரலில் கூப்பிட்டது, கதவுக்கு வெளியே அக்கா குரலில் விம்மியது, "சித்தி, தண்ணி" என்று குழந்தைக் குரலில் கேட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். யார் பேசினாலும் முதலில் அவர்கள் உதடு அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். திமிர் பிடித்தவள் என்று ஆஸ்பத்திரியில் பேர் வாங்கினாள். வாங்கினால் என்ன? ஒரே ஒரு நாள், கடையில் பின்னல் ஊசி கண்ணில் பட்டபோது மட்டும், அதன் முன் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தாள்.

பிறகு குரல் தேய்ந்தது. வாரத்துக்கொரு முறை, அப்புறம் எப்போதாவது. குளிர்காலம் முடிவதற்குள் அறவே நின்றது.

அவள் நம்பவில்லை. இன்னும் சில மாதங்கள் பொறுத்தாள். அப்புறம் ஒருநாள் அக்கா வீட்டுக்கு நேரில் போய், வாசலில் நின்று அழுதாள். அக்கா முதலில் ஒரு அறை வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. நன்றாக வளர்ந்திருந்தது, ஓயாமல் பேசியது. அன்று அவள் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அதற்கடுத்த வாரம், கூட்டம் நிரம்பிய ஒரு காலை நேரம். ஒரு தையல்காரர் தன் மனைவியோடு வந்தார். பிறவியிலேயே காது கேட்காதவர். இடி விழுந்தாலும் தெரியாது. அரசாங்கச் சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான். வழக்கப்படி அவரைக் கூண்டில் உட்கார வைத்தாள். இருப்பதிலேயே பெரிய சத்தத்தை அனுப்பினாள். அவர் பட்டனைத் தொடவில்லை. பாவம், ஒரு துளிகூடக் கேட்கவில்லை.

வெளியே வந்து உட்கார்ந்தவர், அவள் எழுதுவதைப் பார்க்காமல், அவள் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தார். மரியாதையாகத் தலையை ஆட்டினார். பிறகு மனைவியிடம் கைகளால் வேகவேகமாகப் பேசினார். அந்த அம்மாள் சங்கடத்தோடு நெளிந்தார்.

"என்னம்மா சொல்றார்?"

"தப்பா நினைச்சுக்காதீங்க. என்னமோ உளர்றார். உங்க பக்கத்துல ஒரு அம்மா ரொம்ப நேரமா உங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்காங்களாம். நீங்க ஏன் காதுலயே வாங்கலைன்னு கேக்கறார்."

அவள் பேனா நின்றது. அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான் இருந்தது. அவள் மூச்சை அடக்கிக் கேட்டாள். மின்விசிறியைத் தவிர ஒன்றுமில்லை.

தையல்காரர் மறுபடி கைகளை அசைத்தார். இந்த முறை புன்னகையோடு.

"இப்ப என்ன சொல்றார்?"

"நீங்கதான் பதில் சொல்ல மாட்டேங்கறீங்களாம். அதனால அந்தம்மா இவர்கிட்ட கேக்கறாங்களாம்." மனைவி தன் கணவரின் கைகளைப் பார்த்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார். "என்னமோ சின்ன வேலைதானாம். சரின்னு சொல்லிட்டாராம்."